கடன்பட்டோர் மௌனம் – ஓர் அறவியல் நோக்கு

தமிழிலே 'கடன்' என்னும் சொல் இருபொருள் தந்து நிற்கின்றது. ஒருவர் பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன்; ஒருவர் செய்தே தீரவேண்டிய செயலும் கடன். நீர்க்கடன், பிதிர்க்கடன், காலைக்கடன் முதலிய வழக்குகளிற் பணத்துக்கு இடமில்லை. மறுதலையாக, சோழர் காலக் கல்வெட்டுக்களிலே நிலவரியைக் குறித்து வந்த 'கடமை' என்னும் சொல் இன்று முற்றிலும் ஒழுக்கத் துறைக்கு உரியதாகிவிட்டது. பணமும் ஒழுக்கமும் இவ்வாறு ஒரு சொல்லிலே பின்னிக் கிடப்பதனாற் போலும், கடனைக் கட்டத் தவறியவர் பொருளில் மட்டுமன்றிக் குணத்திலும் குறைந்தவராகவே சமூகத்தாற் கருதப்படுகின்றார். வினைச்சொல்லிலும் இக்கருத்து ஒளிந்திருக்கின்றது. கொடுத்தவர் 'கடன் கொடுத்தார்', பெற்றவரோ 'கடன்பட்டார்'. துன்பப்படுதல், வெட்கப்படுதல், அடிபடுதல் என்பவற்றில் வரும் 'படு' என்னும் வினையே இங்கும் வந்துள்ளமை நோக்கத்தக்கது.

இக்கணிப்பு நியாயமானதா என்பதைப் பொதுநிலையில் வைத்து ஆராய்தல் எளிது. நாளாந்த வாழ்வின் ஒரு சிறு நிகழ்ச்சியில் வைத்து ஆராய்தலே கடினம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். காலை ஏழு மணியாகவில்லை, கைத்தொலைபேசி ஒலிக்கின்றது. பெயர் பதியப்படாத இலக்கமாயினும் யாருடைய இலக்கமென்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். அடுப்படியில் நிற்கும் தாய் கண்ணாற் சைகை காட்ட, பத்து வயது மகன் தொலைபேசியை எடுத்து, "அம்மா கடைக்குப் போட்டா" என்கிறான். "எப்ப வருவா?" என்ற கேள்விக்குத் "தெரியாது" என்கிறான். பத்து நிமிடத்தில் மீண்டும் ஒலிக்கின்றது. இம்முறை எவரும் எடுப்பதில்லை. நண்பகலுக்குள் அடுத்த வீட்டுக்கும், அவளுடைய சகோதரி வேலைசெய்யும் இடத்துக்கும் அதே இலக்கத்திலிருந்து அழைப்புப் போய்விடுகின்றது.

இந்நிகழ்ச்சியில் அவள்மீது சுமத்தத்தக்க குறைகள் மூன்று. தவணைப் பணத்தைக் கட்டவில்லை, அழைப்புக்கு விடையளிக்கவில்லை, பிள்ளையைக் கொண்டு பொய் சொல்வித்தாள். ஊரவர் வாயில் இம்மூன்றும் ஒன்றாகிக் 'கள்ளி' என்னும் ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஆயின் இம்மூன்றும் ஒரே தன்மையனவல்ல. ஒன்று இயலாமை, மற்றொன்று மௌனம், இன்னொன்று பொய். இவற்றுள் இடையில் நிற்கும் மௌனமே அறவியலாளருக்குச் சிக்கலைத் தருவது. கடன்பட்டவர், கடன் கொடுத்தவரின் குரலுக்கு எவ்வளவு தூரம் செவிகொடுக்கக் கடமைப்பட்டவர்?

வினாவுக்குள் நுழையுமுன் அதன் களத்தை ஓரளவு அறிதல் வேண்டும். 2009 இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் விரைந்து பரவின. நிலமோ நகையோ ஈடாகக் கேட்கப்படவில்லை. ஈட்டின் இடத்திற் பெண்களின் குழு வைக்கப்பட்டது. குழுவிலுள்ள ஒவ்வொருத்தியும் மற்றவர்களுக்குப் பிணை. வாரந்தோறும் ஒருத்தியின் வீட்டிலே கூடி, வரும் உத்தியோகத்தரிடம் தவணைப் பணத்தைச் செலுத்தவேண்டும். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் அதை ஈடுசெய்யும் வரை எழுந்து போக முடியாது. வட்டிக் கணக்கும் எளியோருக்கு விளங்கத்தக்கதாக இருக்கவில்லை. உதாரணமாக, 50,000 ரூபாவை ஓராண்டுக்கு நூற்றுக்கு 24 வீத நிலையான வட்டிக்குப் பெற்றால், வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 52 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 1,190 ரூபா. முதல் வாரந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு முதலுக்கும் இறுதிவரை கணக்கிடப்படுகின்றது. எனவே உண்மையான வட்டி சொல்லப்பட்டதன் இருமடங்கை நெருங்கிவிடும். இக்கணக்கை வாங்கும் நாளில் யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. மழை பொய்த்தாலோ கணவன் நோயுற்றாலோ ஒரு நிறுவனத்தின் தவணைக்கு மற்றொரு நிறுவனத்திற் கடன்பெறும் நிலை உண்டாகும். மூன்றாவது நிறுவனமும் கைவிட்டபின் எஞ்சுவது தொலைபேசியின் ஒலியே.

இந்நிலைமை எவருக்கும் தெரியாத ஒன்றன்று. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018 இல், வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் இத்தகைய கடன்களுக்கு நூற்றுக்கு 35 வீதம் என்னும் வட்டி உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிடுவோரிடம் பெண்கள் அனுபவித்த உள, உடல் வன்முறையைப் பகிரங்கமாகக் குறிப்பிட்டார். சட்டமும் புள்ளிவிபரமும் பொருளியலாளருக்கு உரியவை. அழைப்பு ஒலிக்கும் அந்தக் கணத்தில் அவளுக்கு உரிய அறம் எது என்பதே இங்கு வினா.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் தொடக்கத்திலே கெபலஸ் என்னும் முதியவர் வருகின்றார். அவருடைய பேச்சிலிருந்து சோக்கிரதீஸ் வடித்தெடுக்கும் நீதியின் இலக்கணம், உண்மை பேசுதலும் பெற்றதைத் திருப்பிக் கொடுத்தலுமாகும். சித்தசுவாதீனமற்ற நண்பனுக்கு அவன் தந்துவைத்த ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று வினவிச் சோக்கிரதீஸ் அவ்விலக்கணத்தை உடைத்துவிடுவது யாவரும் அறிந்ததே. ஆனால் அதற்குமுன் கெபலஸ் கூறும் ஒரு கருத்து அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. செல்வத்தினாற் கிடைக்கும் பெரும்பயன் யாதெனின், பொய்யுரைக்காமலும் தேவர்க்கோ மனிதர்க்கோ கடன் வைக்காமலும் இறக்க முடிவதே என்கிறார் அவர். இது பணக்காரக் கிழவர் ஒருவரின் அறம். உண்மையும் கடனிறுத்தலும் அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைவிட்டு ஒன்றைக் கண்டிருக்க அவருக்கு வாய்ப்பே இல்லை. கிளிநொச்சித் தாயின் நிலையிலோ அவ்விரண்டும் பிரிந்துவிடுகின்றன. கடனிறுத்தல் அவளுடைய கையில் இல்லை. உண்மை பேசுதல் இன்னும் அவளுடைய கையில் இருக்கின்றதா என்பதே மீதியாக நிற்கும் கேள்வி.

இக்கேள்விக்கு ஜேர்மன் மெய்யியலாளர் காண்ட் உதவுவார் போலத் தோன்றும். திருப்பிக் கொடுக்க முடியாதென்று அறிந்துகொண்டே 'தருவேன்' என்று வாக்களித்துக் கடன் பெறுபவனை அவர் 1785 இல் வெளிவந்த நூலில் உதாரணமாக எடுத்துக்கொண்டார். எல்லோரும் அவ்வாறு செய்யத் தொடங்கினால் வாக்குறுதி என்பதே பொருளற்றுப் போகும். எனவே அச்செயல் ஒருபோதும் பொதுவிதியாக மாட்டாது என்பது அவருடைய முடிபு. ஆயினும் கடன் வாங்கிய நாளில் இத்தாய் பொய் சொல்லவில்லை. கோழி வளர்க்கவோ தையல் இயந்திரம் வாங்கவோ பெற்ற பணம். கட்டுவேன் என்றே வாங்கினாள். காண்ட் கூறிய பொய்வாக்கு அவளிடத்துப் பிறந்தது பிற்பாடு, தொலைபேசியில்.

"எப்ப கட்டுவீங்க?" என்று அழைத்தவர் கேட்கின்றார். "இப்ப ஏலாது" என்பது அவருக்கு விடையன்று. அவருடைய பதிவேட்டில் ஒரு திகதியை எழுதவேண்டிய கட்டம் இருக்கின்றது. அதை வெறுமையாக விட அவருக்கு அனுமதியில்லை. ஆகவே குரல் உயரும், மேலதிகாரி பேசுவார், வீட்டுக்கு வருவதாகச் சொல்லப்படும். ஈற்றில் "வெள்ளிக்கிழமை கட்டுறன்" என்கிறாள் அவள். அழைப்பு முடிகின்றது. இருவருக்கும் தெரியும், வெள்ளிக்கிழமை பணம் இராது. இங்கே பொய்யைச் சொன்னவள் அவள். ஆனால் அதைத் தவிர வேறெதையும் ஏற்றுக்கொள்ளாத உரையாடலை அமைத்தவர் மற்றவர். தடித்த தோலுடையவர் இவ்வுரையாடலைத் தாங்கி உண்மையையே திரும்பத் திரும்பச் சொல்லக்கூடும். நாணமுடையவரே முதலிற் பொய்யில் வீழ்கின்றார். கடன் அறவிடும் இம்முறை பொய்யரைக் கண்டுபிடிப்பதில்லை, உண்மையுடையோரைப் பொய்யராக்குகின்றது.

நன்னூலார் விடைகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் 'உற்றது உரைத்தல்' என்பதொன்று. ஆடுவாயா என்று கேட்டால் கால் வலித்தது என்று சொல்லுதல் இவ்வகைக்கு உதாரணமாகக் காட்டப்படும். தனக்கு நேர்ந்ததை உரைப்பதும் முறையான விடையே என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கின்றது. "வயல் அழிஞ்சு போச்சு" என்பதும் அவ்வகை விடைதான். நேர்விடையைத் தவிர வேறொன்றையும் விடையென்று கொள்ளாத கடன் அறவீட்டாளர் நன்னூலாரைவிடக் கடுமையான இலக்கணகாரராவார். வினாவகை ஆறனுள்ளும் அவருடைய வினாவுக்கு இடம் காண்பது அரிது. முதலாம் அழைப்பு கொளல்வினா எனலாம். பொருளைப் பெறுதற்பொருட்டுக் கேட்பது. இல்லை என்று தெரிந்தபின், அதே நாளில் எட்டாம் முறையும் கேட்பது எவ்வினா? விடை தெரிந்த ஒன்றை விடைக்காகவன்றி வருத்துதற்காகவே கேட்டலை வினா என்று சொல்வதே பொருந்தாது. வினாவல்லாத ஒன்றுக்கு விடை கூறாதிருத்தல் எங்ஙனம் குற்றமாகும்?

இவ்விடத்தில் ஒரு வேறுபாடு இன்றியமையாதது. உண்மையைச் சொல்லுமுன் காக்கும் மௌனம் வேறு. சொல்லியபின் காக்கும் மௌனம் வேறு. முன்னையது ஒளித்தல். மற்றவர் அறியவேண்டிய ஒன்றை அவர் அறியாதவாறு செய்தல். பின்னையதோ உரையாடல் முடிந்துவிட்டது என்பதை உணர்த்துவது. எவ்வகைப் பொய்யையும் ஒப்பாத காண்ட் கூட, கேட்கும்போதெல்லாம் பேசியாகவேண்டும் என்று விதிக்கவில்லை. உண்மையே பேசவேண்டும் என்பதும் எப்போதும் பேசவேண்டும் என்பதும் இருவேறு கட்டளைகள்.

கடன் கொடுத்தவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அதைப் புறக்கணித்து எழுதுவது மலிவான இரக்கமாகவே முடியும். கடன் கொடுத்தோர் யாவரும் குளிரூட்டிய அறையில் இருக்கும் நிறுவனத்தினரல்லர். அயல்வீட்டு விதவை ஒருத்தி மகளின் படிப்புக்கென்று சேர்த்துவைத்த 20,000 ரூபாவை, ஓர் அவசரத்துக்கு, வட்டியுமின்றிக் கடதாசியுமின்றிக் கைமாற்றாகக் கொடுத்திருக்கின்றாள். குறித்த மாதம் கடந்துவிட்டது. அவளுக்கு வழக்கறிஞருமில்லை, அறவீட்டாளருமில்லை. இருப்பது ஒரு தொலைபேசி மாத்திரமே. அவளுடைய அழைப்பை எடுக்காதிருப்பது நிறுவனத்தின் அழைப்பை எடுக்காதிருப்பதிலும் பன்மடங்கு பெரிய அநீதி. பணம் இல்லாமற் போனதோடு, அது எப்போது வரும், வருமா என்று அறியும் உரிமையும் அவளுக்கு மறுக்கப்படுகின்றது. சீட்டை முதல் மாதத்திலேயே எடுத்துவிட்டுப் பின்னர் மறைந்து திரிபவரின் மௌனமும் இத்தகையதே. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் பொய்க்கும் ஓரிடம் ஒதுக்கினார் என்று கூறி இத்தகையோர் தப்ப முயல்வதுண்டு. ஆனால் அப்பொய்யால் விளையும் நன்மை குற்றமற்றதாய் இருத்தல்வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். விதவையின் காத்திருப்பிலிருந்து விளையும் நன்மை குற்றமற்றதாக மாட்டாது.

வேடிக்கை யாதெனின், நடைமுறையில் இவ்வொழுங்கு தலைகீழாகவே இருக்கின்றது. கையிற் கொஞ்சப் பணம் கிடைத்தால் அது மிகக் கூடுதலாக அழைப்பவருக்கே போகின்றது. மெதுவாகக் கேட்டவளும், கேட்க வெட்கப்பட்டு இருந்தவளும் ஈற்றில் நிற்கின்றனர். உரத்த குரல், கடன்களுக்கிடையே இருந்த நீதியான வரிசையையும் குலைத்துவிடுகின்றது.

ஆகவே கடன்பட்டவருக்குச் சொல்லும் கடமை உண்டு என்றால், கொடுத்தவருடைய கேட்கும் உரிமைக்கு எல்லை எங்கே என்ற கேள்வி எழுகின்றது. இதற்குத் தமிழகத்துப் பழைய வழக்கமொன்று வியப்பான முறையில் ஒளிதருகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் என்னும் பாண்டியக் கரைநாட்டுக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ அதனைக் குறித்துவைத்துள்ளார். பலமுறை கேட்டும் நாட்கடத்திவரும் கடன்காரனைச் சுற்றி, கடன் கொடுத்தவன் நிலத்தில் ஒரு வட்டம் கீறிவிட்டால், கடனைத் தீர்க்கும்வரை, அல்லது தக்க உறுதி கொடுக்கும்வரை அவன் அவ்வட்டத்தைத் தாண்டலாகாது. தாண்டினால் மரணதண்டனைக்கு உரியவனாவான். அந்நாட்டு அரசனே ஓர் அந்நிய வணிகனுக்குக் கடன்பட்டிருந்தானென்றும், குதிரைமேற் சென்றுகொண்டிருந்த அவனைச் சுற்றி அவ்வணிகன் வட்டம் கீறவே, அரசன் குதிரையை நிறுத்தி, வணிகன் திருப்தியடையும்வரை அசையாது நின்றானென்றும், அதனைத் தான் நேரிற் கண்டதாகவும் மார்க்கோ போலோ கூறுகின்றார்.

இவ்வழக்கம் கொடுமையானதே, அதற்காக ஏங்கவேண்டியதில்லை. மரணதண்டனையால் தாங்கப்படும் ஒரு வட்டத்தை நல்லதென்று எவரும் கூறார். ஆயினும் அவ்வட்டத்துக்கு மூன்று இயல்புகள் இருந்தன. அது பலர்காண நிலத்திலே கீறப்பட்டது. அது கடன்பட்டவனை மட்டுமே சூழ்ந்தது; அவனுடைய மனைவியையோ அயலவனையோ அன்று. அரசனும் குடிமகனும் அதற்கு ஒருதரமாகவே கட்டுப்பட்டனர். தொலைபேசியாற் கீறப்படும் இன்றைய வட்டத்துக்கோ விளிம்பில்லை. அது படுக்கையறைக்குள்ளும் வயலுக்குள்ளும் கோயில் வீதிக்கும் கூடவே வருகின்றது. அது அயல்வீட்டையும் சகோதரியின் வேலைத்தலத்தையும் பத்து வயதுச் சிறுவனையும் தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. பார்வையாளர் இல்லாத இடத்தில், காதோடு காதாக நிகழ்வதால், அதன் சொற்களுக்குச் சாட்சியுமில்லை.

கேட்பவர் முறையோடு கேட்டல்வேண்டும் என்பதற்குத் திருத்தொண்டர் புராணத்திலேயே சான்று உண்டு. புத்தூரிலே சுந்தரரின் திருமணப் பந்தருள் முதிய வேதியர் ஒருவர் புகுந்து, மணமகன் தனக்கு அடிமையென்று ஓலை காட்டி வழக்கிடுகின்றார். அது பணக்கடன் அன்று, ஆளோலை. எனினும் வழக்கின் போக்கு ஒன்றே. பலர்முன் நாணுறச் செய்யும் உரிமைக் கோரிக்கையாகவே அது தொடங்குகின்றது. சுந்தரர் ஓலையைக் கிழித்தெறிகின்றார். அதன்பின் வழக்கு மணப்பந்தரில் நடப்பதில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையோர் முன் மூலவோலை காட்டப்படுகின்றது. பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கப்படுகின்றது. வந்தவர் இறைவனே ஆயினும், சான்றைக் காட்டிச் சபையின் தீர்ப்பைப் பெற்ற பின்னரே ஆட்கொள்ள முடிந்தது. சேக்கிழார் நோக்கம் பக்தியேயாயினும், சான்றும் சபையும் இன்றி எந்த உரிமையும் செல்லாது என்னும் உலகியல் நீதி அக்கதையினூடே நின்று பேசுகின்றது.

பிறநாட்டுச் சட்டங்கள் சில இவ்விளிம்பை எண்களாற் கீற முயன்றுள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் 1977 ஆம் ஆண்டுச் சட்டம், பிறர் சார்பிற் கடன் அறவிடுவோர் காலை எட்டு மணிக்கு முன்னரும் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரும் அழைப்பதைத் தடுத்தது. கடன் விடயத்தை அயலாருக்கு வெளியிடுவதையும் தடுத்தது. 2021 இல் நடைமுறைக்கு வந்த விதியொன்றின்படி, ஒரு கடன் தொடர்பாக ஏழு நாட்களுள் ஏழு தடவைக்கு மேல் அழைத்தல் துன்புறுத்தலென்றே ஊகிக்கப்படும். இந்திய ரிசேர்வ் வங்கியும் 2022 இல், காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அறவீட்டு அழைப்புக்கள் கூடாதென்று பணித்தது. உரோம–டச்சுச் சட்டமோ வேறொரு விளிம்பைக் கீறியது: நிலுவையிலுள்ள வட்டி முதலை விஞ்சி வளர்தல் ஆகாது. எட்டு மணி, ஏழு தடவை என்னும் எண்களிற் புனிதம் எதுவுமில்லை. ஏதோ ஓரிடத்தில் உரிமை முடிகின்றது என்று ஒப்புக்கொண்டதே அவற்றின் பெறுமதி. இலங்கை 1980 இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பதினோராம் உறுப்புரையும், ஒப்பந்தக் கடப்பாடொன்றை நிறைவேற்ற இயலாமை காரணமாக மட்டும் எவரையும் சிறையிடலாகாது என்கின்றது. 'இயலாமை' என்னும் சொல் அங்கே தெரிந்தே இடப்பட்டுள்ளது. இயலாதவனையும் மனமில்லாதவனையும் பிரித்தறியும் பொறுப்பு அதனாற் கேட்பவர் மீதும் விழுகின்றது.

அழைக்கும் குரலுக்கு உரியவரும் சிந்தனைக்குரியவர். பெரும்பாலும் அவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். மாத இலக்கு ஒன்றுக்குக் கட்டுப்பட்டவர். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் லீசிங் தவணை நிலுவையில் இருக்கலாம். கடமையைச் செய்தேன் என்று அவர் கூறினால் அதற்கு விடை யாது? யாழ்ப்பாணத்து மேடைகளிலே நடிகமணி வி. வி. வைரமுத்து நடித்துப் புகழ்பெற்ற அரிச்சந்திர மயான காண்டத்தை இங்கு நினைவுகூரலாம். விசுவாமித்திரருக்குப் பட்ட கடனுக்காகத் தன்னையே விற்று, கடன் கேட்டு வந்தவரின் ஏச்சையெல்லாம் பொறுத்த அரிச்சந்திரன், ஈற்றிற் சுடலைகாக்கும் தண்டற்காரனாகின்றான். இறந்த மகனின் உடலோடு வந்த சந்திரமதியிடமே கால்பணமும் முழத்துண்டும் கேட்கின்றான். அவையோர் கண்ணீர் விடுவது அவன் கேட்டான் என்பதற்காக மட்டுமன்று. அவன் தனக்கு விதிக்கப்பட்டதை, உரிய இடத்தில், உரிய அளவில், இகழ்ச்சிச் சொல் இன்றிக் கேட்கின்றான் என்பதும் அக்கண்ணீருக்குக் காரணம். கடமை கேட்கச் சொன்னது, அவமதிக்கச் சொல்லவில்லை. நிறுவனத்தின் இளைஞர் தம் கடமையைச் சொல்லித் தப்புவதற்கு அரிச்சந்திரன் இடங்கொடான்.

2021 மார்ச் மாதத்திலே பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். தர்ணா என்னும் பெயரால் இந்திய மொழிகளில் இன்று வழங்கும் எதிர்ப்பு முறை, பழங்காலத்திற் கடன் கொடுத்தவர் கடன்பட்டவரின் வாசலில் உண்ணாதிருந்து பணம் கேட்ட வழக்கத்திலிருந்து வந்ததாகும். ஹிங்குராக்கொடையில் அது திரும்பிவிட்டது. கடன்பட்டவர்களே வெளியில் வந்து அமர்ந்தனர். இதுவரை அடுப்படியில் நின்று சைகை காட்டியவர்கள், தங்களால் இயலாதென்பதைப் பலர் கேட்கச் சொன்னார்கள். ஒளித்தல் என்னும் குற்றம் அவ்விடத்தில் அற்றுப்போகின்றது.

அடுத்த ஆண்டு, 2022 ஏப்பிரல் 12 ஆந் திகதி, இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் தற்காலிகமாகச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. அவ்வறிவிப்பு வெட்கத்துக்குரியதாகப் பேசப்பட்டதாயினும், அதற்கொரு வடிவம் இருந்தது. சர்வதேச நிதி, சட்ட ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டனர்; கடன் வழங்கியோர் குழுக்கள் கூடின; சர்வதேச பிணைமுறிகளை மாற்றும் ஏற்பாடு 2024 டிசெம்பரிலேயே நிறைவேறியது. இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசினர். திறைசேரிச் செயலாளரின் சகோதரியை வேலைத்தலத்தில் அழைத்துக் கடனைப்பற்றி எவரும் ஏசவில்லை. மத்திய வங்கி ஆளுநரின் பிள்ளை காலையில் தொலைபேசியை எடுத்துப் பொய் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாடுகளின் கடனில் 'இயலாது' என்பது பேச்சுவார்த்தையின் தொடக்கம். வாரம் 1,190 ரூபாவில் அது பேச்சின் முடிவாகவும் ஏச்சின் தொடக்கமாகவும் இருக்கின்றது. மார்க்கோ போலோ கண்ட பாண்டியநாட்டில் அரசனும் குடியும் ஒரே வட்டத்துக்குள் நின்றனர் என்பது மறுபடியும் நினைவுக்கு வருகின்றது.

மீண்டும் அந்த வீட்டுக்கு. நாளைக் காலையும் தொலைபேசி ஒலிக்கத்தான் போகின்றது. இயலாமை அவள் குற்றமன்று. பத்தாம் அழைப்புக்கு அவள் காக்கும் மௌனமும் குற்றமன்று. சிறுவனின் வாயில் வைக்கப்பட்ட சொல் ஒன்றே அவளை உறுத்துகின்றது, உறுத்தவும் வேண்டும். ஏனெனில் கடன்பத்திரத்திற் கைநாட்டு வைத்தவன் அவனல்லன். எனினும் தொலைபேசியின் வட்டத்துக்குள் அவனைத் தள்ளியது நிறுவனம் மட்டுமன்று. தொலைபேசியை அவனிடமிருந்து வாங்கி, "நான்தான் கதைக்கிறன். இந்த மாதம் ஏலாது. அறுவடைக்குப் பிறகு மாதம் ஐயாயிரம் கட்டலாம், அதுக்கு மேல ஏலாது" என்று அவள் சொல்லக்கூடும். சொன்ன திகதியையும் பேசியவரின் பெயரையும் கொப்பியில் எழுதியும் வைக்கலாம். மறுமுனையில் இருப்பவர் அதனை ஏற்பாரா என்பது அவருடைய பொறுப்பு. ஏற்காமல் பத்து நிமிடத்தில் மீண்டும் அழைப்பாராயின், தொலைபேசி ஒலித்துக்கொண்டிருக்க, சிறுவன் பாடசாலைக்கு வெளிக்கிடலாம்.